எங்கு வேண்டுமானாலும் ஆடுகிறவன்

அரையிறுதி ஆட்டத்தில் எதிரணிக்காரன் ஒருவனின் முழங்கால் கோல்கீப்பரின் தாடையில் இறங்கியபோது, காய்ந்த பலகை பிளக்கும் சத்தம் கேட்டது. அது அங்கே எல்லோருக்கும் பழகிய சத்தம்தான். அணி முழுக்க மர அறுவை ஆலையில் வேலை செய்கிறவர்கள். கோல்கீப்பர் வாயைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டார். விரலிடுக்குகளில் ரத்தமும் எச்சிலும் நூலாக ஒழுகின. மாற்று கோல்கீப்பரோ முந்தின வாரமே தோள்பட்டை நழுவி வீட்டில் படுத்திருந்தார்.

கோட்டுக்கு வெளியே நின்ற ஆலை மேஸ்திரி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"உப்பு! கையுறையை மாட்டு!"

உப்பு அப்போது இடது ஓரத்தில் விங்கராக ஓடிக்கொண்டிருந்தான். முதல் பாதியில் நடுக்களத்தில் ஆடியிருந்தான். அதற்கு முந்தின ஆட்டத்தில் ரைட் பேக். அவனுடைய சொந்தப் பெயர் அவன் அக்காவுக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும். எதில் போட்டாலும் கரைந்துவிடுவான், அவன் இல்லாமல் எதுவும் ருசிக்காது என்று யாரோ வைத்த பெயர் உப்பு. பாராட்டாக வைத்த பெயர்தான். ஆனால் உப்பை யாரும் தனியாக ஒரு தட்டில் வைத்துச் சாப்பிடுவதில்லை என்பது போகப்போகத்தான் அவனுக்குப் புரிந்தது.

கோல்கீப்பரின் ரத்தம் ஈரமாக இருந்த கையுறையை மாட்டிக்கொண்டு கம்பங்களுக்கு நடுவில் நின்றான். இரண்டு பந்துகளைத் தட்டிவிட்டான். மூன்றாவதைப் பாய்ந்து நெஞ்சோடு அணைத்தபோது, பின்னால் வந்தவன் வேண்டுமென்றே அவன் கைமேல் பூட்ஸை வைத்து அழுத்தித் திருப்பினான். நடுவிரல் பின்பக்கமாக மடங்கியது. உப்பு பந்தை விடவில்லை. ஆட்டம் முடிந்ததும், ஒரே ஒரு கோல் போட்ட ஃபார்வர்டைத் தோளில் தூக்கிக்கொண்டு எல்லோரும் மைதானத்தைச் சுற்றினார்கள். வீங்கிய விரலிலிருந்து கையுறையைக் கழற்ற முடியாமல் உப்பு கோல் கம்பத்தில் சாய்ந்து நின்றான்.

அவனிடம் வந்தது அவன் அக்கா புருஷன் ஒருவர்தான்.

அவரை ஊரே ஆணி என்று கூப்பிடும். பெனால்டி கட்டத்துக்கு முன்னால் அடித்து இறக்கியதுபோல் நிற்கும் ஸ்டாப்பர். பத்து வருஷமாக அதே இடம். எதிரணி ஃபார்வர்டு அவரைத் தாண்ட வேண்டுமானால் தோலில் கொஞ்சம் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அவருடைய கணைக்கால் எலும்பு, கொத்திப் போட்ட அம்மிக்கல் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். அவரைக் கோல் அடிக்கச் சொன்னால் பந்து பக்கத்துத் தெருவில் விழும். ஆனால் அவர் காவலில் இருக்கும்போது ஒருவன் கோல் அடித்துவிட்டால், அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

கையுறையைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு ஆணி அந்த விரலைப் பார்த்தார். "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்னு சும்மாவா சொன்னாங்க, மாப்ள? ஒரு இடத்துல நில்லு. இந்த இடம் என்னுதுன்னு மேஸ்திரிகிட்ட சொல்லு."

"எந்த இடத்தைச் சொல்றது மாமா? எல்லாத்துலயும் ஆள் இருக்கே."

வீட்டில் அக்கா விரலுக்குச் சின்ன மரச்சிம்பு வைத்துக் கட்டினாள். அவள் சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை செய்கிறவள். கட்டுத்துணியைக் கிழித்த வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

"பந்தாட்டமா இது? கசாப்புக்கடை. ரெண்டு பேரும் மாறி மாறி உடைச்சுக்கிட்டு வர்றீங்க, நான் மாறி மாறிக் கட்டுறேன்."

"எனக்கு ஒடைஞ்சா ஒரே எடத்துலதான் ஒடையும்," என்றார் ஆணி. "உன் தம்பிக்குத்தான் ஒடம்பு முழுக்க. மரம் விட்டு மரம் தாவுற குரங்கு."

"ஒரே மரத்துல தலைகீழாத் தொங்குறதுக்கு என்ன பேரு மாமா? வௌவாலா?"

அக்கா சிரித்துவிட்டாள். பிறகு, சிரித்ததற்காகவே விரல்கட்டை இன்னும் இறுக்கினாள். "எட்டு வருஷமா நான் காலர் மட்டும்தான் தைக்கிறேன். முழுச் சட்டை தைன்னா கை வராது. ஆனா என் மெஷின்ல வேற எவளும் வந்து உட்கார முடியாது. அதையும் யோசிச்சுக்கோ."

உப்பு யோசிக்காத நாளில்லை. ஆலையிலும் அவன் கதை அதுதான். மரம் இறக்குகிறவன் வரவில்லை என்றால் அங்கே போவான், பலகை அடுக்குகிறவன் வரவில்லை என்றால் இங்கே வருவான். கூடத்தின் நடுவில் ஓடும் பெரிய பட்டை ரம்பத்தை ஓட்டுகிறவருக்கு என்று ஒரு முக்காலி, ஒரு கொக்கி, கொக்கியில் ஒரு சட்டை இருக்கும். உப்பின் சட்டை எங்கே ஆணி கிடைக்கிறதோ அங்கே தொங்கும்.

இறுதி ஆட்டத்துக்கு முன் மேஸ்திரி அவனை மரக்கட்டைகள் குவிந்து கிடந்த முற்றத்துக்கு அழைத்துப் போனார். அவர் ஆலைக்கு மேஸ்திரி, அணிக்குக் கோச், இரண்டு இடத்திலும் அவர் வைத்ததுதான் சட்டம். உள்ளே ரம்பம் அலறிக்கொண்டிருந்தது. அவர் அவன் காதோடு வாயை வைத்துப் பேச வேண்டியிருந்தது.

"குவாரிக்காரங்க டீம்ல சம்மட்டி இருக்கான் தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன? கல்குவாரி அணியின் ஃபார்வர்டு. அவனுக்கு வலதுகால் நடப்பதற்கு மட்டும். தலையால் முட்டத் தெரியாது, பின்னால் ஓடி வந்து தடுக்கத் தெரியாது. ஆனால் பெனால்டி கட்டத்துக்குள் பந்து அவன் இடதுகாலுக்கு வந்துவிட்டால் அவ்வளவுதான். அந்த ஒரு காலை வைத்து அவன் குவாரியை இறுதி வரைக்கும் இழுத்து வந்திருந்தான்.

"அவன் இடதுகால் முழுசா இருக்கிற வரைக்கும் கோப்பை நமக்கில்ல," என்றார் மேஸ்திரி. "புரியுதா?"

"மாமா பாத்துக்குவாரு அவனை."

"ஆணி நிறுத்துவான். ஒடைக்கமாட்டான். அவனுக்குன்னு ஒரு நியாயம் வச்சிருக்கான், பின்னாலேருந்து கால் வைக்கமாட்டான். அதுவுமில்லாம அவனுக்குச் சிவப்பு அட்டை காட்டிட்டா பின்னால பெரிய ஓட்டை விழும். உன்னை வெளிய அனுப்பினா எங்கயும் ஓட்டை விழாது. ஏன்னா உனக்குன்னு ஒரு இடமே இல்ல." அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். தோளில் தட்டவும் செய்தார். "எல்லா வேலையும் பாக்குறவன் நீ. இந்த வேலையையும் பாத்துடு. பெரிய ரம்பம் உனக்கு. நிரந்தரமா."

உப்பு சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. திரும்பி நடக்கும்போது ரம்பத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான். முக்காலியைப் பார்த்தான். வீட்டுக்குப் போய் ஆணியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் என்ன செய்வார் என்று தெரிந்ததால்தான் சொல்லவில்லை.

இறுதி ஆட்டத்தன்று வெயில் கொளுத்தியது. மைதானத்தின் ஒரு பக்கம் ஆலைக்காரர்கள், மறுபக்கம் குவாரிக்காரர்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே வேலியோரத்தில் கைகலப்பு ஒன்று நடந்து, ஒருவன் காதைப் பிடித்துக்கொண்டு போனான். அக்கா முன்வரிசையில் நின்றிருந்தாள்.

உப்பை ரைட் பேக்காக விட்டிருந்தார்கள். அங்கிருந்து அவனுக்கு அந்த இருவர் ஆடுவதும் நன்றாகத் தெரிந்தது. அதை ஆட்டம் என்று சொல்வதே தப்பு. சம்மட்டி பந்துக்குக் காத்திருக்கும்போதெல்லாம் முழங்கையை ஆணியின் விலாவில் நட்டு வைத்திருந்தான். ஆணி தன் தோளால் அவன் முதுகைத் தள்ளிக்கொண்டே இருந்தார். முதல் கார்னரில் சம்மட்டியின் பின்னந்தலை ஆணியின் புருவத்தைப் பிளந்தது. ஆணி சட்டை நுனியால் ரத்தத்தைத் துடைத்துவிட்டு அதே இடத்தில் போய் நின்றார். அடுத்த பந்துக்கு அவர் முன்பக்கமாக விழுந்து காலை நீட்டியதில், பந்தோடு சேர்ந்து சம்மட்டியும் சுருண்டு உருண்டான். அவன் வாய் நிறைய மண். எழுந்து துப்பினான். மண்ணோடு ஒரு பல்லும் வந்தது.

"நல்லா ஆடுறேய்யா," என்றான்.

"நீயும்தான்," என்றார் ஆணி.

அதுதான் அவர்கள் இருவரும் களத்தில் பேசிய ஒரே பேச்சு. இத்தனை வருஷத்தில் எந்த எதிரணிக்காரனும் உப்பிடம் அப்படிச் சொன்னதில்லை. ஒருவனோடு மோதி முடிக்கும் முன்பே இவனை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

இடைவேளையில் ஆணியின் புருவத்துக்குத் தையல் போட்டார்கள். மரத்துப்போக ஊசி போட நேரமில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி தண்ணீர் பாட்டிலை நீட்டுகிற சாக்கில் உப்பின் பக்கம் குனிந்தார். "பார்த்தியா உன் மாமனை? இன்னும் எத்தனை தையல் போடணும்? சீக்கிரம் முடி."

அந்தச் சொல்லைத்தான் உப்பு பிடித்துக்கொண்டான். மாமாவுக்காகத்தான் செய்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பொய் என்று தெரியும். ஆனாலும் அதைச் சொல்லிக்கொண்டபோது கால் லேசானது.

இரண்டாம் பாதியில் பாதி நேரம் போயிருக்கும். குவாரியின் பக்கத்திலிருந்து உயரமாக ஒரு பந்து வந்தது. பெனால்டி கட்டத்தின் விளிம்பில் சம்மட்டி அதை நெஞ்சில் வாங்கி, இடதுகால் பக்கம் உருட்டினான். அவன் முதுகு உப்புக்கு நேராக இருந்தது. மஞ்சள் காலுறை போட்ட அந்த இடதுகால் பின்னால் வளைந்து, அடிக்கத் தயாரானது.

உப்பு ஓடினான். வேறெதுவும் கண்ணில் படவில்லை. கோல் இல்லை, ரெஃப்ரி இல்லை, கூட்டத்தின் கூச்சல்கூட இல்லை. அந்த மஞ்சள் கால் மட்டும். கடைசி எட்டில் இரண்டு கால்களையும் ஒன்றாகச் சேர்த்து, பூட்ஸின் அடிப்பக்கம் முன்னால் இருக்க, உடம்பு முழுவதையும் எறிந்தான்.

அதே நேரத்தில் ஆணி முன்பக்கத்திலிருந்து சறுக்கி வந்தார். பத்து வருஷமாகச் செய்வதைத்தான் செய்தார். அடிக்கிறவனின் காலுக்கும் பந்துக்கும் நடுவில் தன் காலைக் கொண்டுபோய் வைத்தார். பந்து சுத்தமாக விலகி ஓரத்துக்கு ஓடியது. சம்மட்டி அவர்மேல் விழாமல் இருக்க எகிறிக் குதித்தான். அவன் குதித்த வெற்றிடத்தில் உப்பு வந்து இறங்கினான்.

இரண்டு பூட்ஸும் ஆணியின் முழங்காலுக்குக் கீழே இறங்கின. உப்பு அந்தச் சத்தத்தைக் காதால் கேட்கவில்லை. உள்ளங்கால் வழியாக உணர்ந்தான். எழுந்து பார்த்தபோது, ஆணியின் பாதம் கால் பார்க்கிற திசையைப் பார்க்கவில்லை. காலுறையைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. ரத்தம் முதலில் வரவில்லை. பிறகு வந்தது, நிற்கவே இல்லை.

ஆணி கத்தவில்லை. உப்பைப் பார்த்து, "நீயா?" என்று மட்டும் கேட்டார்.

சம்மட்டிதான் முதலில் புரிந்துகொண்டான். ஆணியின் காலைப் பார்த்தான், உப்பு ஓடி வந்த தடத்தைப் பார்த்தான், பிறகு தன் இடதுகாலைக் குனிந்து பார்த்தான்.

"எனக்கு வெச்சதாடா இது?"

முதல் குத்தில் உப்பின் மூக்கு உள்ளே போனது. இரண்டாவது குத்தில் கீழே விழுந்தான். சம்மட்டி அவன் மேல் ஏறி உட்கார்ந்து, கல் உடைக்கிற கையால் முகத்தில் மாற்றி மாற்றிக் குத்தினான். உப்பு கையைத் தூக்கவில்லை. அதைப் பார்த்து ஆலைக்காரர்கள் வேலியைத் தாண்டி ஓடி வந்தார்கள், அவர்களைப் பார்த்துக் குவாரிக்காரர்கள் ஓடி வந்தார்கள். கொடிக்கம்புகள் உடைந்தன. யாரோ ஒருவர் கார்னர் கம்பத்தைப் பிடுங்கிச் சுழற்றினார். ரெஃப்ரியின் விசில் எங்கோ ஒருமுறை கேட்டு நின்றது. அந்தக் களேபரத்துக்கு நடுவில் அக்கா ஆணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, துப்பட்டாவால் தொடையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். சுற்றி விழுந்த அடிகளில் ஒன்று அவள் முதுகிலும் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆட்டம் பாதியில் கைவிடப்பட்டது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உப்பு மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கைகளில் ரத்தம் காய்ந்து விரிசல் விட்டிருந்தது.

"அழாதடா. தெரிஞ்சா செஞ்சே? பந்துக்குத்தானே போனே?"

இல்லை என்று தலையசைத்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். மேஸ்திரி சொன்னது, ரம்பம், முக்காலி. அவன் முடித்ததும் அக்கா அறைந்தாள். உடைந்த மூக்கின் மேலேயே அறைந்தாள். பஞ்சு தெறித்து விழுந்தது.

"ஒருத்தன் கால ஒடைக்கத்தான் போயிருக்கே. அது யார் காலுங்கிறதுதான் மாறிடுச்சு. அவனுக்கும் வீட்ல ஒருத்தி இருப்பா இல்ல?" எழுந்துகொண்டாள். "வீட்டுப் பக்கம் வராதே."

அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆணியைப் பார்க்க அவனை ஒரு நிமிஷம்தான் விட்டார்கள். கால் தொங்கவிடப்பட்டிருந்தது. முகம் மெழுகாக இருந்தது.

"மாமா, நீங்க அங்க வருவீங்கன்னு..."

"நான் வரலைடா. நான் அங்கதான் இருந்தேன்." நாக்கு குழறியது. "பத்து வருஷமா நான் வேற எங்க இருந்திருக்கேன்? இந்த ஊர்லயே ஒரு பயலுக்கும் அதுல சந்தேகம் கிடையாது. உனக்குத் தெரியாதா?"

உப்பு வெளியே வந்தபோது வாசலில் சம்மட்டி நின்றிருந்தான். விரல் முட்டிகளில் கட்டு. உப்பைப் பார்க்காத மாதிரி உள்ளே போனான். அவன் ஆணிக்கு நன்றி சொன்னதாகவும், "உனக்காக வரலைய்யா, பந்துக்காக வந்தேன்," என்று ஆணி முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் பிறகு ஒரு நர்ஸ் சொல்லித் தெரிந்தது.

அடுத்த வேலைநாளில் மேஸ்திரி கூடத்தின் நடுவிலேயே உப்பைக் கூப்பிட்டார். பெரிய ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. முக்காலிக்குப் பக்கத்துக் கொக்கி காலியாக இருந்தது. ரம்பக்காரரை வேறு பக்கம் மாற்றியிருந்தார்.

"ஏதோ கொஞ்சம் தவறிப் போச்சு. விடு. நான் சொன்ன சொல்லு மாறமாட்டேன்." குரலைத் தாழ்த்தவும் இல்லை. "டீம்லயும் ஸ்டாப்பர் இடம் இப்போ காலிதானே? அதையும் நீயே எடுத்துக்கோ. கேட்டியே, ஒரு இடம்."

உப்பு கேட்டதே இல்லை. அதுதான் அவனுக்கு முதலில் தோன்றியது. வாய் திறந்து ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஆனால் இந்த ஆளுக்கு அது தெரிந்திருக்கிறது, தெரிந்தேதான் தூண்டிலில் கோத்திருக்கிறான்.

மரச்சிம்பு கட்டிய கையாலேயே குத்தினான். வலி தோள் வரைக்கும் போனது. அதனால் மறுகையால் குத்தினான். மேஸ்திரி மரத்தூள் குவியலில் மல்லாந்து விழுந்து, கையில் அகப்பட்ட கட்டையை வீசினார். அது உப்பின் நெற்றியில் பட்டது. அவன் அதே கட்டையை எடுத்து அவர் வாயில் அடித்தான். சட்டையைப் பிடித்துத் தூக்கி ரம்ப மேடை வரைக்கும் இழுத்துப் போனான். மேஸ்திரியின் முகம் ஓடும் பட்டைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அந்த முகத்தில் பயத்தைத் தவிர ஒன்றுமில்லை. மரத்தூள் அவர் கண்ணில், வாயில், ரத்தத்தில் அப்பியது.

"யார் கால ஒடைக்கச் சொன்னே? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு!"

மேஸ்திரி அலறினார். எல்லாவற்றையும் சொன்னார். ஆனால் அந்த இரைச்சலில் யாருக்கும் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. யாரோ ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினார்கள். ரம்பம் முனகி முனகி நின்றது. அது நிற்பதற்குள் மூன்று பேர் சேர்ந்து உப்பைப் பிய்த்து எடுத்திருந்தார்கள்.

உப்புக்கு வேலை போனது. போலீஸ் லாக்கப்பில் கொஞ்ச நாள் உட்கார்ந்திருந்தான். இனி எந்த அணிக்கும் ஆடக் கூடாது என்று கால்பந்துச் சங்கம் தடை போட்டது. மேஸ்திரி கட்டுப்பல் கட்டிக்கொண்டு மேஸ்திரியாகவே இருந்தார். அணிக்குக் கோச்சாக மட்டும் அவரை வைத்துக்கொள்ள ஆட்டக்காரர்கள் சம்மதிக்கவில்லை. மறு வருஷம் குவாரி கோப்பையை வாங்கியது. சம்மட்டி அந்த ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தான், ஒன்றுக்குக்கூடக் கொண்டாடவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

உப்பு லாரி பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். டயர் கழற்றுகிற வேலை. வேறொன்று செய்யச் சொன்னால் தெரியாது என்றான்.

ஆணியின் கால் கூடிவிட்டது, ஆனால் குட்டையாகக் கூடியது. ஆலையில் அவருக்குக் கேட் காவல் வேலை கொடுத்தார்கள். அவர் கட்டை ஊன்றி வீட்டுக்குள் நடக்கத் தொடங்கிய சமயத்தில் அக்கா பட்டறைக்கு ஆள் அனுப்பினாள். வரச்சொன்னது அவள் இல்லை, அவர்.

உப்பு போனபோது கதவு திறந்திருந்தது. அக்கா அடுப்படி வாசலில் நின்றாள். ஆணி நாற்காலியிலிருந்து ஊன்றுகட்டையைப் பிடித்து எழுந்தார். நொண்டி நொண்டி அவன் எதிரில் வந்து நின்றார். ஊன்றுகட்டையை இரண்டு கையாலும் தூக்கி அவன் தோளில் இறக்கினார்.

உப்பு நகரவில்லை. அடுத்த அடி விலாவில் விழுந்தது. அடுத்தது காலில். ஆணி மூச்சிரைக்க அடித்தார், ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்து ஏதோ முனகினார். அக்கா குறுக்கே வரவில்லை. ஒரு அடிக்குக் கட்டையை உயரத் தூக்கியபோது குட்டைக்கால் தாங்காமல் சரிந்தார். உப்பு தாவிப் பிடித்தான். இருவரும் சேர்ந்து தரையில் விழுந்தார்கள், நாற்காலி அவர்கள்மேல் கவிழ்ந்தது.

கொஞ்ச நேரம் யாரும் எழவில்லை. இரண்டு பேருக்கும் இரைத்தது.

"மேஸ்திரிக்குப் பல்லு எத்தனை போச்சு?" என்றார் ஆணி, கூரையைப் பார்த்தபடி.

"நாலு மாமா."

"நாலுதானா?"

மன்னித்தேன் என்று அவர் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொன்னதில்லை. அக்கா வந்து நாற்காலியை நிமிர்த்தினாள். கையை நீட்டி முதலில் புருஷனைத் தூக்கினாள். பிறகு தம்பியைப் பார்த்து, "அந்தப் பக்கம் பிடிடா, ஒருத்தியா தூக்க முடியல," என்றாள்.